விந்தணு செத்துவிட்டதா, அசையாமல் கிடக்கிறதா?

குழந்தையின்மை தொடர்பாக வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆண்களின் விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பற்றியவை. ரிப்போர்ட்டில் எல்லோரும் முதலில் பார்ப்பது கவுன்ட்டை, அதாவது ஒரு மில்லி விந்தில் எத்தனை அணுக்கள் என்ற எண்ணைத்தான். அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும் வரிகளில்தான் பல நேரம் விடை இருக்கிறது. அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கடிதம் எழுதிய யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

? முதல் லேபில் கவுன்ட் 12 மில்லியன். இரண்டு வாரம் கழித்து வேறொரு லேபில் 41 மில்லியன். யாரை நம்புவது? (திருப்பூர் வாசகர்)

இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே மனிதரின் கவுன்ட் இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று மடங்கு ஏறி இறங்குவது சாதாரணம். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பது அதனால்தான். ஆனால் அப்படி எடுத்துக்கொள்வதற்கு முன், சாம்பிள் கொடுத்த விதத்தையும் எண்ணிய விதத்தையும் பார்த்துவிடுங்கள்.

எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? 2 முதல் 7 நாள் வரை விடலாம். இரண்டு பரிசோதனைக்கும் அதே எண்ணிக்கை இருந்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு முறை 2 நாள், மறுமுறை 6 நாள் என்றால் கவுன்ட் வித்தியாசப்படத்தான் செய்யும். ‘நிறைய நாள் விட்டால் நிறைய வரும்’ என்று 10, 15 நாள் காத்திருப்பவர்கள் உண்டு. எண்ணிக்கை கூடும், ஆனால் கூடுவதில் பெரும்பகுதி தேங்கிக் கிடந்து நலிந்த பழைய அணுக்கள்.

முதல் சொட்டு சிந்தியதா? விந்து வெளிவரும்போது முதல் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். பின்னால் வருவது பெரும்பாலும் விந்துப்பையின் திரவம். முதல் சொட்டு தரையில் போய் மீதியை மட்டும் கொடுத்தால் 40 மில்லியன் 10 மில்லியனாகத் தெரியும். கூச்சப்படாமல் லேபில் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். எண்ணெய், சோப்பு, எச்சில், கடையில் வாங்கும் ஜெல் எதுவும் வேண்டாம். சாதாரண ஆணுறையில் சேகரிக்கவே கூடாது, அதன் மேல் தடவிய பூச்சு அணுக்களைக் கொன்றுவிடும்.

அடுத்தது எண்ணிய விதம். விந்து முதலில் கஞ்சி போலக் கெட்டியாக இருக்கும். 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடத்தில் இளகிவிடும். இளகிய பிறகு நன்றாகக் கலக்காமல் மேலாக ஒரு சொட்டு எடுத்தால் கணக்குத் தப்பும். பிறகு நீர்த்து, நியூபாவர் அறை என்ற கட்டம் போட்ட கண்ணாடியில் இரண்டு பக்கமும் விட்டு, அணுக்கள் அடியில் படியும்வரை சில நிமிடம் ஈரப்பதத்தில் வைத்து, பக்கத்துக்குக் குறைந்தது 200 அணுக்கள் எண்ண வேண்டும். இந்த 200 சும்மா சொல்லப்பட்டதல்ல. மொத்தம் 400 எண்ணினால் தற்செயலாக வரும் பிழை 5 சதவீதம்தான். அவசரத்தில் 10 அணுவை எண்ணிப் பெருக்கினால் பிழை 30 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் புதிதாக நீர்த்து மறுபடி எண்ண வேண்டும். ‘எத்தனை அணு எண்ணினீர்கள்?’ என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல லேப் பதில் சொல்லும்.

அடுத்த முறை அதே லேபில், அதே நாள் இடைவெளியில் கொடுங்கள்.

? என் கணவரின் ரிப்போர்ட்டில் ‘நார்மல் ஃபார்ம்ஸ் 3%’ என்று இருக்கிறது. 97 சதவீதம் குறையுள்ளவையா? பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வருமா? (நாகர்கோவில் வாசகி)

வராது. அணுவின் வடிவத்துக்கும் குழந்தையின் உடலமைப்புக்கும் சம்பந்தமில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பயம் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் கையேட்டின் ஆறாம் பதிப்பு 2021-ல் வந்தது. ஒரு வருடத்துக்குள் மனைவி கருவுற்ற ஆண்களின் விந்தை ஆராய்ந்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் பேர் நிற்கும் இடத்தில் கோடு போட்டார்கள். அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 16 மில்லியன், மொத்தம் 39 மில்லியன், அசைபவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், உயிருள்ளவை 54 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். அப்பாக்கள் ஆனவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழே இருந்தார்கள் என்பதுதான் இதன் பொருள். கோட்டுக்கு மேலே இருந்தால் குழந்தை உறுதி என்பதும் இல்லை.

வடிவத்தைப் பார்க்கும் விதி மிகக் கறாரானது. தலை முட்டை வடிவில், ஏறக்குறைய 4 மைக்ரான் நீளம், 3 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான அகலம். தலையின் முன்பக்கத் தொப்பி 40 முதல் 70 சதவீதம் வரை மூடியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் ‘சரியில்லை’ என்றே எழுதுவார்கள். 3 சதவீதத்தை மட்டும் காட்டி ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருத்தரிக்க வைப்பது) என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள். அத்தனை அணுவும் தொப்பியில்லாத உருண்டைத் தலையாக இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அவற்றால் தாமாக முட்டைக்குள் நுழைய முடியாது. அது மிக அபூர்வம்.

? மொட்டிலிட்டி 6 சதவீதம். ‘எல்லாம் டெட்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி வழியே இல்லையா டாக்டர்? (மதுரை வாசகர்)

மொட்டிலிட்டி என்பது அசையும் அணுக்களின் சதவீதம். அசையாத அணு எல்லாம் செத்த அணு அல்ல. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் எழுதும் ரிப்போர்ட்டால் எத்தனையோ தம்பதிகள் தவறான பாதையில் போயிருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘வைட்டாலிட்டி’ (உயிருள்ளவற்றின் சதவீதம்) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அசைபவை 40 சதவீதத்துக்குக் குறைந்தால் அதைக் கட்டாயம் பார்த்திருக்க வேண்டும்.

இயோசின்-நிக்ரோசின் சாயம்தான் எளிய முறை. விந்தும் சாயமும் சம அளவு கலந்து, 30 விநாடி விட்டு, கண்ணாடியில் இழுத்துக் காயவைத்து, எண்ணெய் லென்ஸில் பார்க்கிறார்கள். பின்னணி கருநீலம் கலந்த கறுப்பு. உயிருள்ள அணுவின் தலை வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அதன் சவ்வு சாயத்தை உள்ளே விடாது. செத்த அணுவின் சவ்வு கிழிந்திருப்பதால் தலை சிவந்துவிடும். கழுத்துப் பகுதியில் மட்டும் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தால் அதை உயிருள்ளது என்றே எண்ண வேண்டும். அனுபவம் குறைந்தவர்கள் தப்பு செய்யும் இடம் இது.

இரண்டாவது, உப்புச்சத்து குறைந்த திரவத்தில் விட்டுப் பார்ப்பது. உயிருள்ள அணுவுக்குள் தண்ணீர் ஏறி, வால் வீங்கிச் சுருண்டுகொள்ளும். செத்ததன் வால் அப்படியே நீட்டிக்கொண்டு கிடக்கும். சாயம் போட்ட அணுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாது. வீங்க வைத்துக் கண்டுபிடித்த அணுவைப் பயன்படுத்த முடியும். இக்ஸி (ஒரே ஓர் அணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறை) செய்யும்போது அசையாத கூட்டத்திலிருந்து உயிருள்ளதைப் பொறுக்க இந்த வழி உதவுகிறது.

ரிப்போர்ட்டை நீங்களே சரிபார்க்க ஒரு கணக்கு: அசையும் அணு எல்லாம் உயிருள்ளதுதான். ஆகவே உயிருள்ளவற்றின் சதவீதம், அசைபவற்றின் சதவீதத்தைவிடக் குறையவே முடியாது. அசைபவை 50, உயிருள்ளவை 35 என்று அச்சடித்திருந்தால் ஏதோ ஒன்று தப்பு.

இப்போது உங்களுக்கு வருவோம். பெரும்பாலானவை உயிரோடு இருந்து அசையாமல் இருந்தால், கோளாறு வாலின் உள்ளமைப்பில் இருக்கலாம். சிறு வயதிலிருந்தே ஓயாத சளி, சைனஸ், மார்புச்சளி உண்டா என்று கேட்பது இதற்காகத்தான். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளும் நுண்மயிர்களும் விந்தணுவின் வாலும் ஒரே கட்டுமானம். இந்தக் குறை உள்ள சிலருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும். இவர்களுக்கு மருந்து, மாத்திரையால் அசைவு வராது. நேரத்தை வீணாக்காமல் இக்ஸிக்குப் போகலாம்.

பெரும்பாலானவை செத்தே இருந்தால் எங்கே, எப்போது செத்தன என்று தேட வேண்டும். முதல் சந்தேகம் சாம்பிள் மேல்தான்: தாமதம், ஜெல், ஆணுறை. அதெல்லாம் இல்லையென்றால் விரைமேல்நாளம். விரையில் உருவான அணுக்கள் முதிர்ந்து காத்திருக்கும் சுருண்ட குழாய் அது. அங்கே தொற்றோ தேக்கமோ இருந்தால் காத்திருக்கும்போதே செத்துப்போகும். இதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத ஒரு வழி உண்டு. ஒரு சாம்பிள் கொடுத்த பிறகு, சில மணி நேரத்திலோ மறுநாளோ இன்னொன்று கொடுப்பது. இரண்டாவதில் உயிருள்ளவை நன்றாகக் கூடியிருந்தால், அணுக்கள் பிறக்கும் இடம் சரி, தேங்கும் இடம்தான் சரியில்லை என்று தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு அடிக்கடி வெளியேற்றுவதே சிகிச்சையின் ஒரு பகுதி. வெள்ளணு ஒரு மில்லியில் 1 மில்லியனைத் தாண்டினால் தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று தேடுவார்கள். எதுவும் பலிக்காவிட்டாலும், விரையிலிருந்து ஊசியால் எடுத்தால் உயிருள்ள அணு கிடைக்கும் வாய்ப்பு இருக்கிறது. வழியே இல்லை என்பது சரியல்ல.

? கவுன்ட் 60 மில்லியன், மற்ற எல்லாமே நார்மல். ஆனால் மனைவிக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. எனக்கு டி.எஃப்.ஐ. 38 சதவீதம், ‘அபாப்டோசிஸ்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது என்ன? (சென்னை வாசகர்)

டி.எஃப்.ஐ. என்பது டி.என்.ஏ. உடைந்த அணுக்களின் சதவீதம். அபாப்டோசிஸ் என்பது செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வது. அது நோயல்ல, விரைக்குள் தினமும் நடக்கும் ஒழுங்கு. அணுக்களை ஊட்டி வளர்க்கும் செர்ட்டோலி செல் ஒன்றால் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தாங்க முடியாது. அதிகமாக உண்டானவையும் பழுதானவையும் பாதியிலேயே மடிந்துபோகும், செர்ட்டோலி செல் அவற்றை விழுங்கிவிடும். தொல்லை எப்போது என்றால், மடிய வேண்டும் என்று முத்திரை குத்தப்பட்ட செல், அந்த வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு அணுவாக முதிர்ந்து வெளியே வரும்போது. அதற்குத் தலை இருக்கும், வால் இருக்கும், நீந்தவும் செய்யும். உள்ளே டி.என்.ஏ. இழை உடைந்திருக்கும். சாதாரணப் பரிசோதனையில் இது தெரியவே தெரியாது.

டி.என்.ஏ. உடைய வேறு காரணங்களும் உண்டு. விந்தணு உருவாகும்போது ஹிஸ்டோன் புரதங்களில் பெரும்பகுதி நீங்கி, புரோட்டமின் வந்து இழையை இறுக்கிச் சுருட்டுகிறது. சுருட்டல் தளர்ந்திருந்தால் விரைமேல்நாளத்தில் வினைத்துடிப்புள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் தாக்கும்போது உடையும். உடைந்ததை ஒட்டிக்கொள்ளும் வசதி விந்தணுவுக்குக் கிடையாது. முட்டைதான் ஒட்ட வேண்டும். மனைவியின் வயது கூடக்கூட அந்தத் திறனும் குறைகிறது.

அளக்கும் முறைகள் பல. செல் மடியத் தொடங்கியதும், சவ்வின் உள்பக்கம் இருக்க வேண்டிய ஒரு கொழுப்புப்பொருள் வெளிப்பக்கம் திரும்பிவிடும். அதில் ஒட்டும் அனெக்சின் என்ற புரதத்தை ஒளிரவைத்துப் பார்க்கிறார்கள். கூடவே, செத்த செல்லுக்குள் மட்டும் நுழையும் சிவப்புச் சாயம். அனெக்சின் மட்டும் ஒட்டினால் மடியத் தொடங்கியது, இரண்டும் ஏறினால் மடிந்தது, இரண்டும் இல்லையென்றால் நலம். டுனெல் முறையில் உடைந்த இழை முனைகளில் நொதி ஒன்றின் உதவியால் ஒளிரும் துண்டைச் சேர்க்கிறார்கள். எஸ்.சி.எஸ்.ஏ. முறையில் அமிலத்தில் நனைத்து அக்ரிடின் ஆரஞ்சு போட்டால் உடையாதது பச்சை, உடைந்தது சிவப்பு. ஆயிரக்கணக்கான அணுக்களை இயந்திரமே எண்ணும். ஹேலோ முறை எளிது. அணுக்களை அகரோஸ் கூழில் பதித்து, அமிலம் விட்டு, புரதத்தைக் கரைத்துவிட்டால், உடையாத டி.என்.ஏ. வெளியே விரிந்து, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல வட்டம் தெரியும். உடைந்தவற்றுக்கு வட்டம் சின்னதாக இருக்கும், அல்லது இருக்காது.

ஒரு முறையின் 38 இன்னொரு முறையின் 38-க்குச் சமம் ஆகாது. எஸ்.சி.எஸ்.ஏ.வில் பொதுவாக 30-க்கு மேல் இருந்தால் அதிகம் என்கிறார்கள். டுனெல்லுக்குக் கோடு வேறு. உங்களுக்கு எந்த முறையில் பார்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். குழந்தை வேண்டும் என்று வருகிற எல்லோருக்கும் முதல் நாளே இந்தப் பரிசோதனை தேவையில்லை. திரும்பத் திரும்பக் கரு கலையும் உங்களைப் போன்றவர்களுக்கு அவசியம் உண்டு. அதே சமயம் மனைவியின் கருப்பை, ரத்தம் உறையும் தன்மை, தைராய்டு, இருவரின் குரோமோசோம் ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பழி முழுவதையும் 38 மேல் போட்டுவிட்டு அவற்றை விட்டுவிடாதீர்கள்.

இனிச் செய்ய வேண்டியது: காரணத்தைத் தேடுவது. வேரிகோசீல் (விரையிலிருந்து ரத்தம் திரும்பும் சிரைகள் புடைத்திருப்பது), தொற்று, புகை, கடந்த மூன்று மாதத்தில் கடுமையான காய்ச்சல், உட்கொள்ளும் மருந்துகள். இடைவெளியை 1, 2 நாளாகக் குறைத்து மறுபடி அளந்து பாருங்கள். பலருக்கு அதிலேயே இறங்கிவிடும், தேங்கும் நேரம் குறைகிறதல்லவா. ஓர் அணு உருவாகி முதிர்ந்து வெளியே வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஆகவே எந்தச் சிகிச்சையின் பலனையும் மூன்று மாதத்துக்கு முன்பு அளந்து ஏமாற வேண்டாம். எல்லாம் செய்தும் இறங்காமல் இக்ஸி வரை போக வேண்டியிருந்தால், விரையிலிருந்தே அணு எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். அங்கே உடைசல் குறைவாக இருக்கும்.

? ஸ்கேனில் மட்டும் லேசான வேரிகோசீல் தெரிகிறது. ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். (கரூர் வாசகர்)

கையால் தொட்டு உணர முடியாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் வேரிகோசீலுக்கு ஆபரேஷன் பலன் தருவதில்லை. நின்றபடி மூச்சை அடக்கி முக்கும்போது சிரை புடைப்பது கைக்குத் தெரிந்து, விந்துப் பரிசோதனையும் குறைவாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். இடப்பக்கம்தான் அதிகம் வரும். அங்கே சிரை நேராக மேலேறி, சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சேர்கிறது. தேங்கும் ரத்தம் விரையைச் சூடாக்குகிறது. உடல்சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருக்க வேண்டிய இடம் அது. தகுதியானவர்களுக்கு மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் ஆபரேஷனால் கவுன்ட்டும் கூடும், டி.என்.ஏ. உடைசலும் குறையும். 3 முதல் 6 மாதம் பொறுக்க வேண்டும்.

? அணு கூட ஜிங்க், ஃபோலிக் ஆசிட் மாத்திரை ஒரு வருடமாகச் சாப்பிடுகிறேன். தொடரலாமா? (வேலூர் வாசகர்)

அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. ஆறு மாதம் ஜிங்க்கும் ஃபோலிக் ஆசிடும் கொடுத்ததில் குழந்தை பிறப்பு கூடவில்லை. விந்தின் தரமும் உயரவில்லை. டி.என்.ஏ. உடைசல் மட்டும் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சற்று அதிகமாகவே இருந்தது. ஒரு வருடம் போதும். அந்தப் பணத்தில் வைட்டாலிட்டியும் ஹார்மோன்களும் பாருங்கள்.

? ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டேன். இப்போது ஜீரோ கவுன்ட். ஆண்மை ஹார்மோன்தானே, எப்படிக் குறையும்? (கோவை வாசகர்)

வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும், ‘போதுமான அளவு இருக்கிறது’ என்று மூளை, விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். ரத்தத்தில் அளவு கூடினாலும், விரைக்குள் சுரப்பது விழுந்துவிடும். அணு உற்பத்திக்கு வேண்டியது உள்ளே சுரப்பதுதான். வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியை நிறுத்துங்கள். பெரும்பாலோருக்கு 6 மாதத்திலிருந்து ஒரு வருடத்தில் அணு திரும்பும், சிலருக்கு இன்னும் தாமதம் ஆகலாம். திரும்பத் தூண்டும் மருந்துகள் உண்டு, அவற்றை ஆண் மலட்டுத்தன்மை மருத்துவர் பார்த்துத் தரட்டும். ஜிம் நண்பர்களிடம் வாங்க வேண்டாம்.

? என் அண்ணனுக்கு ‘அசூஸ்பெர்மியா’. அளவும் 0.6 மில்லிதான். (திருநெல்வேலி வாசகர்)

அசூஸ்பெர்மியா என்றால் விந்தில் அணுவே இல்லை என்று பொருள். ஜீரோ என்று எழுதும் முன் சாம்பிளை மையவிலக்கியில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிந்ததைத் தேடியிருக்க வேண்டும். அதைக் கேளுங்கள். அளவு குறைவு, அதோடு புளிப்புத்தன்மை கூடி ஃப்ரக்டோஸும் இல்லையென்றால், உற்பத்தி இருந்தும் வழி அடைபட்டிருக்கலாம், அல்லது பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாமல் இருக்கலாம். மருத்துவர் விரல்களால் தொட்டுப் பார்த்தே குழாய் இருப்பதைச் சொல்லிவிடுவார். இவர்களுக்கு விரையிலிருந்து அணு எடுக்கப் பெரும்பாலும் முடியும். குழாய் பிறவியிலேயே இல்லையென்றால் தம்பதி இருவருக்கும் சி.எஃப்.டி.ஆர். (இந்தக் குறையோடு தொடர்புள்ள மரபணு) பரிசோதனை வேண்டும். எஃப்.எஸ்.எச். (விரையைத் தூண்ட மூளையிலிருந்து வரும் ஹார்மோன்) அதிகமாகி விரையும் சிறுத்திருந்தால் கதை வேறு. அப்போது குரோமோசோமும் ஒய் குரோமோசோமின் விடுபட்ட பகுதிகளும் பார்க்காமல் கத்தி வைக்க விடாதீர்கள். அந்தப் பகுதிகளில் சில முழுதாக விடுபட்டிருந்தால், விரையைத் திறந்து தேடியும் பயனில்லை.

? நான்கு வருடமாக எனக்குத்தான் ஊசியும் ஸ்கேனும். கணவர் லேபுக்கு வர மறுக்கிறார். வீட்டிலேயே எடுத்து நான் கொண்டுபோய்க் கொடுத்தால் ஏற்பார்களா? (திருச்சி வாசகி)

பெரும்பாலான லேப்களில் ஏற்பார்கள். அவரைப் பார்க்காமல் உங்களுக்கு நான்கு வருடம் மருந்து கொடுத்ததே தவறு சகோதரி. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. இதை அவரிடம் சண்டையாக இல்லாமல், ரிப்போர்ட்டை மட்டும் முன்வைத்துச் சொல்லிப் பாருங்கள்.

லேபிலேயே வாய் அகன்ற, கிருமி நீக்கிய டப்பா வாங்கி வாருங்கள். வீட்டு மருந்துப் பாட்டில் வேண்டாம். எடுத்ததும் மூடியை இறுக்கி நிமிர்த்தியே வையுங்கள். பனிக்கட்டியிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியிலும் கூடாது. துணியில் சுற்றி உடம்போடு ஒட்டிய பையில் கொண்டுபோனால் சூடு சரியாக இருக்கும். அரைமணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் நல்லது, 50 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. உங்கள் வீட்டிலிருந்து அதற்குள் போக முடியாதென்றால், லேபுக்கு அருகில் உறவினர் வீட்டில் எடுங்கள். டப்பாவின் மூடியில் அல்லாமல் பக்கவாட்டில் கணவர் பெயர், எடுத்த நேரம், எத்தனை நாள் இடைவெளி, முழுவதும் விழுந்ததா என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். மூடி மாறிவிடும், டப்பா மாறாது.